சிங்கப்பூரில் அக்காவுக்கு ஏற்ற ஓட்டல்

அக்காவோடு கப்பலேறிச் சிங்கப்பூர் போய்வந்த பிறகு, எங்கள் பக்கத்தில் எனக்கு வேண்டாத பேர் ஒன்று வந்து சேர்ந்தது. யாராவது மெட்ராசுக்கோ கொழும்புக்கோ கிளம்பினால், "வாத்தியாரக் கேளுங்க, அவருக்குத்தான் ஓட்டல் பாக்கத் தெரியும்" என்று என்னிடம் அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு ஓட்டல் பார்க்கத் தெரியாது. பார்த்ததெல்லாம் அக்கா. நான் அவளுக்குப் பின்னால் நின்று இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அக்கா நாச்சம்மாளுக்கு அப்போது ஐம்பது வயது. திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே நிலக்கடலையும் ஆமணக்கும் போட்டு, மச்சான் காலமான பிறகு தனியாளாகப் பண்ணையம் பார்த்தவள். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற தரகர்கள், வெள்ளைச் சேலை தூரத்தில் தெரிந்தாலே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைப் பக்கம் போய்விடுவார்கள்.

அவளுக்கு ஒரே மகன், செங்கோடன். மோட்டார் வேலை கற்றுக்கொண்டு சிங்கப்பூருக்குப் போனவன், மூன்றாம் வருஷம் ஒரு கடிதமும் ஒரு போட்டோவும் அனுப்பினான். கல்யாணம் ஆகிவிட்டதாம். போட்டோவில் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, குனிந்து நின்ற பெண்ணுக்குச் சீனத்து முகம். கடிதத்தைப் படிக்கச் சொன்னாள் அக்கா. "இவள் பெயர் மரகதம்" என்கிற வரி வந்ததும், "பேர மாத்தி வெச்சு ஏய்க்கறான்" என்று என் கையிலிருந்து பிடுங்கி, போட்டோவோடு சேர்த்து அடுப்பில் போட்டாள். மிச்சம் இரண்டு பக்கத்தில் என்ன எழுதியிருந்தான் என்று எரிந்துபோன பிறகு எப்படித் தெரியும்?

சொந்தபந்தமெல்லாம் கூடி நின்றபோது அக்கா ஒரு சத்தியம் செய்தாள். "அவன் ஊட்டுக்குள்ள என்ற காலு படாது. படுச்சுன்னா என்னயப் பேரச் சொல்லிக் கூப்பிடாதீங்க."

இதில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது. செங்கோடனுக்கு முறைப்பெண் என் மகள். கோபப்பட எனக்குத்தான் முதல் உரிமை. ஆனால் என் மகள் சேதியைக் கேட்டுவிட்டு, "அப்பா, இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுங்களா?" என்றாள். அந்த நிம்மதியான குரலைக் கேட்ட பிறகு எப்படிக் கோபப்படுவது? அந்த வருஷமே பரமத்திப் பக்கம் அவளைக் கட்டிக் கொடுத்துவிட்டேன்.

அதற்கும் மூன்று வருஷம் கழித்துச் செங்கோடனுக்கு விஷக்காய்ச்சல் வந்து பிழைத்ததாகச் சேதி வந்தது. அக்கா அன்று முழுவதும் கடலைக் கொடியை ஆய்ந்துகொண்டிருந்தாள். சாயங்காலம் என்னிடம், "கப்பலு எப்பங்கடா?" என்று மட்டும் கேட்டாள்.

"சத்தியம்?" என்றேன்.

"அவனத்தான பாக்கப் போறேன். அவன் ஊட்டயா பாக்கப் போறேன்? அந்த ஊருலயே பெரிய ஓட்டல் எதோ அதுல தங்கோணும். அவன் பொண்டாட்டி வந்து பாக்கோணும், இவன் ஆத்தா எப்பேர்ப்பட்டவன்னு."

கப்பலைப் பற்றி எழுதப் போவதில்லை. நான் படுத்தே கிடந்தேன். அக்கா என் பங்குச் சோற்றையும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

துறைமுகத்தில் செங்கோடன் காத்திருந்தான். பாதியாக இளைத்திருந்தான். அக்கா அவனை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "சோறு திங்கறானான்னு கேளு" என்றாள். இரண்டு முழத் தூரத்தில் நின்றவனிடம் நான் கேட்டேன்.

"திங்கறேன்னு சொல்லுங்க மாமா."

"திங்கற மொகமா இதுன்னு கேளு."

இப்படி ஒரு கால்மணி நேரம் தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தேன். இங்கிலீஷ் வாத்தியார் வேலையில் இருபது வருஷத்தில் இவ்வளவு கஷ்டப்பட்டதில்லை. அவனுக்குப் பட்டறையில் அரைநாள்தான் விடுப்பு. தமிழர்கள் தங்குகிற நல்ல இடம் சிராங்கூன் பக்கம் இருக்கிறது என்றான். "சத்திரத்துல படுக்கறதுக்கா கப்பலேறுனேன்?" என்று அதை முடித்துவிட்டாள் அக்கா. அவன் கடலோரத்து ஓட்டல் ஒன்றின் பேரை எழுதிக் கொடுத்து, கொஞ்சம் தயங்கி, அது சரிப்படாவிட்டால் என்று சீனர் தெருவில் இன்னொரு ஓட்டலின் பேரையும் எழுதிக் கொடுத்தான். அந்தத் தயக்கத்தின் அர்த்தம் எனக்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது.

ரிக்‌ஷாவில் ஏறினோம். இழுத்தவருக்கு என் வயது இருக்கும். நூறு அடி போவதற்குள் அக்கா நிறுத்தச் சொன்னாள். "மாடு இழுத்தாலே ஏத்தத்துல எறங்கி நடப்பேன். மனுசன் இழுக்க ஒக்காந்திருக்கறதா?" என்று இறங்கி நடக்க ஆரம்பித்தாள். அவள் நடக்கும்போது நான் உட்கார்ந்திருக்க முடியுமா? நானும் இறங்கினேன். கடைசியில் எங்கள் தகரப் பெட்டியும் நெய்த் தூக்கும் கொள்ளு மூட்டையும் வண்டியில் சவாரி செய்ய, நாங்கள் இரண்டு பக்கமும் காவல்காரர் மாதிரி நடந்தோம். ரிக்‌ஷாக்காரர் கலங்கிப் போய்விட்டார். வழியில் ஒரு தமிழ்க் கடைக்காரரிடம் நிறுத்தி ஏதோ முறையிட்டார். கடைக்காரர் எங்களிடம், "தன் வண்டியில் என்ன குற்றம் என்று கேட்கிறார். மெத்தையை நேற்றுத்தான் துவைத்துப் போட்டாராம்" என்றார்.

கடலோரத்து ஓட்டல் வெள்ளை வெளேரென்று ஒரு மாளிகை. முன்னால் விசிறி வாழை. வாசலில் தாடி வைத்த சிங்கு ஒருவர், எங்கள் ஊர் முனியப்பன் சிலைக்குச் சட்டை போட்டுவிட்டது போல நின்றார். நான் கோட்டும் தலைப்பாகையும் அணிந்திருந்ததால் உள்ளே விட்டார். மேஜைக்குப் பின்னால் இருந்த இளம் வெள்ளைக்காரர் எங்களைப் பார்த்தார், கொள்ளு மூட்டையைப் பார்த்தார், அறை எதுவும் காலி இல்லை என்றார். அடுத்த வாரம்? அடுத்த வாரமும் இல்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

எனக்குக் காது சுட்டது. "எடம் இல்லியாம் அக்கா, போலாம்" என்று திரும்பினேன்.

அக்கா நகரவில்லை. அந்த ஆளின் முதுகுப் பக்கத்துச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏன்டா தம்பி, ஆளிருந்தா சாவி எப்புடி ஆணியில தொங்கும்?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். வரிசை வரிசையாகச் சாவிகள், பித்தளை வில்லையோடு.

"எண்ணிக் காட்டட்டுமான்னு கேளு."

அதை மொழிபெயர்க்கலாமா வேண்டாமா என்று யோசித்தேன். இருபது வருஷமாக இலக்கணம் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷை ஒருமுறையாவது உருப்படியான காரியத்துக்குப் பயன்படுத்துவோம் என்று தோன்றியது. ஒரு தப்பில்லாமல் சொன்னேன். வெள்ளைக்காரரின் முகம் கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டே போனது.

அக்கா போய் நடுக்கூடத்தில் இருந்த பெரிய பட்டு நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மடியிலிருந்து வறுகடலையை எடுத்து, ஒவ்வொன்றாக உடைத்து, நிதானமாகத் தின்றாள். டீ குடித்துக்கொண்டிருந்த துரைசானிகள் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகாமல் பார்த்தார்கள். தொலியை ஒன்றுகூடக் கீழே போடவில்லை. பக்கத்தில் இருந்த வெள்ளிச் சாம்பல் கிண்ணத்தில் கோபுரமாகக் குவித்துவிட்டு எழுந்தாள். "தண்ணி நல்லாருக்காது இங்க. உப்புக் காத்து" என்று தீர்ப்புச் சொல்லி வெளியே வந்தாள்.

முனியப்பன் கதவைத் திறந்துவிட்டார். அவர் மீசைக்குள் சிரித்ததை நான் பார்த்தேன்.

அன்று வேறு வழியில்லாமல் சிராங்கூனில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் தங்கினோம். காலையில் அக்கா மூட்டைப்பூச்சிக் கடிகளைக் காட்டி, "இதையும் அவன்கிட்டச் சொல்லு" என்றாள்.

இரண்டாம் நாள் சீனர் தெருவுக்குப் போனோம். சேலம் அம்மாபேட்டையில் தறிச் சத்தம் எப்படியோ அப்படி அந்தத் தெருவில் சட்டிச் சத்தம். இரும்புச் சட்டியில் கரண்டியால் தட்டிக்கொண்டே வதக்குகிறார்கள். ஆறு மாடி ஓட்டல். பளிங்குத் தரை, ரேடியோப் பாட்டு, நீலச் சீனத்து உடுப்பில் வேலையாட்கள். அங்கே எங்களை யாரும் ஏற இறங்கப் பார்க்கவில்லை. எல்லோரும் அவரவர் அவசரத்தில் இருந்தார்கள்.

மேலே போக லிப்ட். கூண்டுக் கதவைச் சாத்தியதும் அது கிறீச்சிட்டு எழும்பியது. அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கும்போது தண்ணீர்ச் சால் மேலே வருவதைத் தினமும் பார்ப்பவள், சாலுக்குள் உட்கார்ந்து வந்தது அன்றுதான். "எத்தன ஜோடி மாடு கட்டியிருக்கறாங்கன்னு கேளு" என்றாள். கரண்ட் இழுக்கிறது என்றேன். நம்பவில்லை. நாலாவது மாடிக்குக் கொஞ்சம் கீழே லிப்ட் நின்றுவிட்டது. அக்காவின் முகத்தில் ஒரு திருப்தி. "பாத்தியா, மாடு மெரண்டிருச்சு."

பத்து நிமிஷம் தொங்கினோம். லிப்ட்காரர் மேலே பார்த்துச் சீனத்தில் கத்தினார். மேலே யாரோ பதிலுக்குக் கத்தினார்கள். பிறகு அவர் உடைந்த இங்கிலீஷில் எனக்கு விளக்கினார்: "மேலே இருப்பவன் என் மச்சான். அவசரப்பட்டால் இன்னும் தாமதம் செய்வான்." இதை அக்காவுக்குச் சொன்னேன். "மச்சானுங்க எல்லா ஊருலயும் ஒரே மாதிரிதான்" என்று என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அறை பிரமாதமாக இருந்தது. அக்கா மாடு பார்க்கிற மாதிரி அதைச் சுற்றி வந்தாள். மெத்தையை அமுக்கினாள். "இதுல படுத்தா எந்திரிக்கறதுக்கு ஆளு வெக்கோணும்." கக்கூசில் சங்கிலியை இழுத்தாள். தண்ணீர் கொட்டியதும், "ஒருத்தன் போனதுக்கு ஒரு வயக்காட்டுத் தண்ணி" என்று திட்டினாள். ஜன்னலைத் திறந்து எந்தத் திசை என்று பார்த்தாள். வாசற்படி இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். கடைசியாக, "இங்க அடுப்பு வெச்சு ஆக்கலாமான்னு கேளு" என்றாள். கேட்டேன். கூட வந்த சீனர் பயந்துபோய் இரண்டு கையையும் ஆட்டினார். ஓட்டலில் தங்குகிறவள் எதற்குச் சமைக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

கீழே இறங்கி, களைப்பாற ஒரு சோபாவில் உட்கார்ந்தோம். எதிரே ஒரு சீனப் பெண் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். நீல நிறத்தில் நீண்ட அங்கி, கத்தரித்த முன்முடி. பத்திரிகைக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. வெளியூரில் தமிழ் பேசுவதில் ஒரு வசதி, யாரைப் பற்றியும் அவர்கள் எதிரிலேயே பேசலாம். அக்கா அந்த வசதியைத் தாராளமாக எடுத்துக்கொண்டாள்.

"இந்தப் புள்ளயப் பாரு. நெத்தி நல்லா அகலம். கையுங்கூட வாட்டமாத்தான் இருக்குது. இப்புடி ஒருத்திய இழுத்துட்டு வந்திருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். அவ எப்புடி இருக்கறாளோ. போட்டாவுல மூஞ்சியே தெரியல."

"போட்டோவ நல்லாப் பாக்கறதுக்குள்ள எரிச்சுட்ட அக்கா."

"ஆனா இதுவும் வெறும் எலும்பு. ஒரு கொடம் தண்ணி தூக்கி இடுப்புல வெச்சா ஒடிஞ்சுரும். என்னத்தப் போட்டு வளக்கறாங்களோ பெத்தவங்க."

பத்திரிகை லேசாக நடுங்கியது. மின்விசிறிக் காற்று என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. மூன்றாவது ஓட்டல் ஊருக்குச் சற்று ஒதுக்கமாக, மேட்டில், பெரிய தோட்டத்துக்கு நடுவில் இருந்தது. ரிக்‌ஷாக்காரர்கள் தங்களுக்குள் சொல்லி வைத்திருந்தார்களோ என்னவோ, யாரும் எங்களை ஏற்றவில்லை. நடந்தே போனோம். நடத்தியவர் ஆர்மீனியர் என்ற சாதியைச் சேர்ந்த ஒரு கிழவியம்மா. கறுப்புக் கவுன், கையில் சாவிக்கொத்து. அவரும் புருஷனை இழந்து தனியாக ஓட்டல் நடத்துகிறவர் என்று நான் சொன்னதும் அக்காவின் தோரணை மாறியது. அந்தக் கறுப்பையும் தன் வெள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

தோட்டத்தின் கோடியில் தனியாக ஒரு குடில். கட்டில், வராந்தா, குளிக்கும் அறை, பின்னால் சின்னதாக ஒரு சமையலறை, கிழக்கு பார்த்த வாசல், மரத்தில் வாசற்படி. அக்கா படியை விரலால் தட்டிப் பார்த்தாள். "இதுதான்" என்றாள்.

விலை பேச நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா தன் தோள் துண்டை அந்தம்மாவின் கைமேல் போட்டு, அடியில் விரலைப் பிடித்துவிட்டாள். அந்தம்மா திகைத்து என்னைப் பார்த்தார். எங்கள் ஊரில் மாட்டுக்கு இப்படித்தான் விலை பேசுவோம் என்று நான் எப்படிச் சொல்வது? "இது எங்கள் வழக்கம்" என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் துண்டுக்கடியில் பதில் அசைவு தெரிந்தது. அந்தம்மாவின் கண்ணில் ஒரு மினுமினுப்பு வந்தது. என்ன விலைக்கு முடிந்தது என்று இருவரும் என்னிடம் கடைசிவரை சொல்லவில்லை. இருவருமே தாங்கள்தான் ஜெயித்ததாக நினைத்தார்கள்.

சாவி கைக்கு வந்ததும் அக்கா வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தாள். அரிசிமாவை எடுத்துக் கோலம் போட்டாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இது யாரு ஊடு?"

"அந்தம்மாவோடது."

"வாடகை குடுத்தாச்சு. பத்து நாளைக்கு என்ற ஊடு. அவன் ஊட்டுக்கு நாம்போகமாட்டேன்னுதான் சத்தியம் பண்ணுனேன். என்ற ஊட்டுக்கு அவங்க வரக்கூடாதுன்னு பண்ணலயே. நாளைக்கு ரெண்டு பேரையுஞ் சோத்துக்கு வரச் சொல்லு."

அடுப்பும் வாசற்படியும் எதற்கென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கப்பலில் வரும்போதே போட்ட கணக்காக இருக்க வேண்டும். வெள்ளைக்காரர் எங்களைத் துரத்தியதுகூட ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. அந்தப் பளிங்குக் கூடத்தில் எங்கே கோலம் போடுவது?

நாலாம் நாள் மத்தியானம் அக்கா கொள்ளு ரசத்துக்கு வரமிளகாய் தாளித்தாள். புகை தோட்டத்தைத் தாண்டிப் பெரிய வராந்தாவுக்குப் போனது. சீட்டு விளையாடிக்கொண்டிருந்த ரப்பர்த் தோட்டத் துரைகள் வரிசையாகத் தும்மினார்கள். ஓட்டல்காரம்மா மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு ஓடிவந்தார். அக்கா பருப்பும் வெல்லமும் வைத்துச் சுட்ட ஒப்புட்டு ஒன்றை நெய்யில் தோய்த்து அவர் கையில் வைத்தாள். அவர் அதைத் தின்றுவிட்டு, மூன்று துரைகளுக்கும் மூன்று வாங்கிக்கொண்டு போனார். அதன்பிறகு தும்மல் பற்றிப் புகார் வரவில்லை.

சாயங்காலம் செங்கோடன் வந்தான். அவனுக்குப் பின்னால் பச்சைச் சேலையில் அவள். வாசலுக்கு வெளியே நின்று, குனிந்து, "கும்பிடுறேன் அத்தை. நல்லாயிருக்கீங்களா?" என்றாள்.

தஞ்சாவூர்ப் பக்கத்துத் தமிழ். ஒரு பிசிறில்லை.

அக்காவின் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, "கும்பிடுறேன் சித்தப்பா" என்றாள். செங்கோடனுக்கு நான் தாய்மாமன். அவன் பெண்டாட்டிக்கு நான் அப்பா முறை. எங்கள் ஊரிலேயே படித்த பிள்ளைகள் இந்த இடத்தில் தடுமாறி "மாமா" என்றுவிடுவார்கள். சீனத்து முகம் ஒன்று முறை பிசகாமல் கூப்பிட்டது. என் மகள் ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டது ஞாபகம் வந்தது.

பிறகு அவள் வராந்தா ஓரத்துக் குழாயடிக்குப் போனாள். நிறைந்திருந்த பித்தளைக் குடத்தை ஒரே தூக்கில் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, அக்கா முன்னால் நின்றாள்.

"ஒடியலீங்க அத்தை. எங்க வைக்கட்டும்?"

நீல அங்கியும் பத்திரிகையும் எனக்கு அப்போதுதான் பளிச்சென்று தெரிந்தன. அக்காவுக்கு எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும். சந்தையில் தரகர்கள் முன்னால் ஒருநாளும் முகம் மாறாதவள், முந்தானையை எடுத்து மூக்கைத் துடைப்பதுபோல முகத்தை மறைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று செங்கோடன் பயந்துபோய் ஓரடி முன்னால் வந்தான்.

"வேவு பாக்க அனுப்புனயாடா?" என்று அவனிடம் கேட்டாள். நாலு நாளில் முதல்முறையாக நேராகக் கேட்டாள்.

"நாந்தான் அத்தை போனேன். ஓட்டல் பேரை அவர்தான் சொன்னாரு, நான் போனது அவருக்குத் தெரியாது," என்றாள் மரகதம். "நீங்க என்னைப் பாக்கறதுக்கு முன்னால நான் உங்களைப் பாத்துக்கணும்னு தோணுச்சு. பயமா இருந்துச்சு."

இலையில் உட்கார்ந்ததும் கதையைச் சொன்னாள். கைக்குழந்தையாக இருந்தபோது, பெண் என்பதால் வேண்டாம் என்று பெற்றவர்கள் கொடுத்துவிட்டார்களாம். ரயில் பாதை வேலைக்கு வந்திருந்த ஒரு தமிழ்க் குடும்பம் எடுத்து வளர்த்தது. பேர் வைத்தது அவர்கள். காது குத்தியது அவர்கள். சீனம் அவளுக்குக் கடையில் பேரம் பேசுகிற அளவுக்குத்தான் தெரியும்.

"அதெல்லாம் ரெண்டாம் பக்கத்துல எழுதியிருந்தேனே மாமா," என்றான் செங்கோடன் என்னிடம். நான் ரசத்தைக் குடித்துக்கொண்டிருந்தேன். அக்கா இலையில் இன்னொரு ஒப்புட்டைப் போட்டாள். யார் இலையில் என்றால், மரகதம் இலையில்.

ஆனாலும் அக்கா லேசில் இறங்குகிறவள் இல்லை. அவர்கள் கிளம்பும்போது மரகதம், "நாளைக்கு நம்ம வீட்டுக்கு வாங்க அத்தை" என்றதும், "அது மட்டும் ஆகாது. பத்துப் பேரு முன்னால சொன்ன சொல்லு" என்றாள்.

"வீட்டுக்குள்ள வர வேண்டாம். தெருவுக்கு வரலாமில்ல? தெரு சர்க்காரோடது."

அக்கா அந்தப் பெண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நல்ல மாட்டைச் சரியான விலைக்கு ஓட்டி வருகிற நாட்களில் அவள் முகத்தில் வருகிற களை அன்று வந்தது. "தெருவுக்கு வாரேன்," என்றாள்.

ஐந்தாம் நாள் போனோம். அந்த ஊரில் கடைவீடுகளுக்கு முன்னால் ஐந்தடி அகலத்தில் கூரை போட்ட நடை உண்டு. யார் வேண்டுமானாலும் போகலாம், வரலாம். வாசற்படிக்கு வெளியே, சர்க்கார் எல்லைக்குள், மரகதம் ஒரு மர நாற்காலி போட்டு வைத்திருந்தாள். அக்கா உட்கார்ந்தாள். உள்ளே ஒரே அறை, அதைத் தாண்டி அடுப்படி. நடுவில் கதவு கிடையாது. உட்கார்ந்த இடத்திலிருந்தே அடுப்பு தெரிந்தது. எதிரே ஒரு மலாய்க்காரர் இறைச்சியைக் குச்சியில் குத்தி விசிறி விசிறிச் சுட்டுக்கொண்டிருந்தார். மூங்கிலைத் தட்டிக்கொண்டு சேமியா விற்கிற சீனர் போனார். பக்கத்து வீட்டுக் கிழவர் ஒருவர் நின்று, அக்காவைக் காட்டி மரகதத்திடம் ஏதோ கேட்டார். என்ன என்றேன். "உன் மாமியார் ஏன் வெளியே உட்கார்ந்திருக்கிறார், சண்டையா என்று கேட்கிறார். இல்லை, விருந்து என்று சொன்னேன்," என்றாள்.

அந்த ஊர் மழை சொல்லிவிட்டு வருவதில்லை. எங்கள் ஊரில் மேகம் மூன்று நாள் போக்குக் காட்டிவிட்டு, கடைசியில் ராசிபுரத்தில் போய்ப் பெய்யும். இங்கே வாளியைக் கவிழ்த்த மாதிரி வந்தது. கூரைக்கடியில் சாரல் சாய்ந்து அடித்தது. அக்கா நாற்காலியோடு ஒரு ஜாண் பின்னால் நகர்ந்தாள். இன்னொரு ஜாண். வாசற்படியில் நாற்காலிக் கால் இடித்தது. அதற்குமேல் நகர முடியாது. சேலை நனைய ஆரம்பித்தது.

"காலைத் தூக்கிக்கங்க அத்தை," என்றாள் மரகதம். அக்கா யோசிப்பதற்குள் செங்கோடன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நாற்காலியைத் தூக்கிப் படிக்கு உள்ளே வைத்துவிட்டோம். அக்கா சம்மணம் போட்டு, பாதம் இரண்டையும் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். "காலு படுல. பாத்துக்க, நீதான் சாச்சி" என்று என்னிடம் சொன்னாள். வாத்தியார் சொன்னால் ஊர் நம்பும் என்று தலையாட்டினேன்.

மரகதம் காப்பிக்குப் பாலை அடுப்பில் வைத்தாள். அக்கா சம்மணத்திலேயே அறையை நோட்டம் விட்டாள். மகனிடம் காய்ச்சலைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டாள். எத்தனை நாள், யார் பார்த்துக்கொண்டது, கஞ்சி யார் ஊற்றியது. எல்லாவற்றுக்கும் அவன் அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினான். அக்கா அந்தப் பக்கம் திரும்பினாள். நானும் திரும்பினேன்.

பால் விளிம்புக்கு வந்துகொண்டிருந்தது. மரகதம் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள். கையில் பிடிதுணிகூட இருந்தது. பாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எடுக்கவில்லை.

"ஏனம்மிணி, பாலு பொங்குது பாரு," என்றாள் அக்கா. நுரை ததும்பி அடுப்பில் வழிந்தது. "அட, பாலு," என்று எழுந்து, நாலே எட்டில் அறையைக் கடந்து, முந்தானையால் பாத்திரத்தைப் பிடித்து இறக்கி வைத்தாள்.

அக்கா குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். சிவப்புத் தரையில் ஈரமாக அவள் பாதம் வரிசையாகப் பதிந்திருந்தது. செங்கோடன் என்னைப் பார்த்தான். சாட்சியாகிய நான் கூரையைப் பார்த்தேன்.

அக்கா நிமிர்ந்து மருமகளின் கையிலிருந்த துணியைப் பார்த்தாள்.

"பாலு பொங்குனது உனக்குத் தெரியலயா?"

"தெரிஞ்சுதுங்க அத்தை," என்றாள் மரகதம்.

அக்கா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, "சக்கர டப்பா எங்க வெச்சிருக்கற?" என்று கேட்டாள்.